ஜப்பான் போய்வந்த கட்டைவிரல்

ஜப்பானுக்கு எந்த மாதிரி காலுறை எடுத்துப் போக வேண்டும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஓட்டை இல்லாததாக இருக்க வேண்டும். எந்த வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. கழற்றும்போது பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தால் நாட்டின் மானம் போய்விடும். சுவரில் இரண்டு தட்டையான துளைதான் இருக்கும், நம் மூன்று கால் பிளக் அங்கே செல்லாது. கோழியை நார்நாராக வறுத்த செருண்டிங் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். இறைச்சி எந்த உருவத்தில் போனாலும் அவர்களுக்கு இறைச்சிதான். சில சளி மாத்திரைகளுக்கும் அதே கதி. ரயிலில் போன் பேசக் கூடாது. தெருவில் குப்பைத் தொட்டி கண்ணில் படாது என்பதால் வாழைப்பழத் தோலைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும்.

இப்படிப் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஜப்பானுக்குப் போனதில்லை. நான் பார்த்த வெளிநாடு தாய்லாந்தின் ஹாட்யாய். காரில் போய், வயிறு கெட்டு, காரிலேயே திரும்பிய இடம்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். மெடிக்கல் அசிஸ்டென்ட், சுருக்கமாக எம்.ஏ. என்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை என்னுடையது. அதே கிளினிக்கில் சிறப்பு மருத்துவராக இருப்பவன் என் பள்ளித் தோழன். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்ச். அவன் சைக்கிள் செயினில் மாட்டி என் வலது கைக் கட்டைவிரல் நகம் அன்று இரண்டாகப் பிளந்தது, இன்றுவரை ஒட்டவில்லை. நோயாளிகள் முன்னால் அவன் எனக்கு 'டாக்டர்', கதவைச் சாத்திவிட்டால் 'மச்சான்'. இருபது வருடமாக இந்த ஒழுங்கு மாறியதில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, நேர்த்திக்கடனும் இருக்கிறது. பால்குடம் தூக்கிக்கொண்டு சுடுகிற தாரில் வெறுங்காலோடு நடப்பார்கள். "சாமிக்கு நடந்தா வலிக்காது தம்பி" என்பார்கள். வலிக்காதுதான், நரம்பு செத்துப் போயிருக்கும். ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வரும்போது பாதத்தில் ஒரு குழி இருக்கும். முன்னாலேயே காலைப் பார்க்கலாம் என்றால் காட்ட மாட்டார்கள். கிளினிக் ஆளைக் கண்டாலே புடவையை இழுத்துக் காலை மூடிக்கொள்வார்கள்.

ஒரு வருடம் திருவிழா அன்று கோவிலுக்குப் பின்னால், கால் கழுவும் குழாயடியில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வெதுவெதுப்பான தண்ணீர் பேசினும் போட்டுக் குந்திவிட்டேன். முதல் பாட்டி வந்ததும் குனிந்து காலைத் தொட்டேன். பாட்டி பதறவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாக என் தலைக்கு வந்தது. "நல்லா இருய்யா." காலைத் தொடுகிறவனை ஆசீர்வதிக்காமல் காலை இழுத்துக்கொள்ள நம் ஊர்ப் பெரியவர்களால் முடியாது! அந்த ஆசீர்வாதம் முடிவதற்குள் நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். ஆறு வருடம் இப்படிப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் நோட்டில் வரைந்தேன், புண் ஆறும்வரை தொடர்ந்தேன். மலேசியாவிலேயே அதிகம் ஆசீர்வாதம் வாங்கியவன் நான்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். "அப்புறம் ஏங்க இப்படி இருக்கீங்க?" என்பாள்.

அந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டு நண்பன்தான் சொன்னான். "டேய், இது ரிசர்ச் பேப்பர்டா. ஜப்பான்ல மாநாடு ஒண்ணு இருக்கு. நான் இங்கிலீஷ்ல எழுதுறேன். நாம ரெண்டு பேரும் போறோம்."

சில மாதம் கழித்து ஒரு காலையில் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மச்சான், நம்ம பேப்பர போஸ்டரா எடுத்துக்கிட்டாங்க! ரெடியா இரு!"

நல்ல செய்தி வந்தால் சிலர் ஆடுவார்கள். நான் பட்டியல் போடுவேன். அன்று மாலையே ஜப்பான் கையேட்டை எழுத ஆரம்பித்துவிட்டேன். விசா வேண்டுமா? நம் பாஸ்போர்ட்டுக்கு வேண்டாம். வேண்டாம் என்பதே எனக்குப் பயமாக இருந்ததால் மூன்று இடத்தில் சரிபார்த்தேன். விமானம் ஏறும் முன் இணையத்தில் படிவம் நிரப்பி க்யூஆர் குறி எடுத்து வைக்க வேண்டும், போனில் ஒன்று, காகிதத்தில் ஒன்று, போன் செத்துக் காகிதம் நனைந்தால் என்று மனைவியின் போனில் ஒன்று. "நான் கிள்ளான்லதானே இருப்பேன்?" என்றாள். அதை நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் பக்கம் பெயருக்கு. நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று இருக்கும், இன்னார் மகன் என்பதற்கு. பெண்களுக்கு ஏ/பி. அந்தச் சாய்கோட்டை மாநாட்டுப் படிவம் ஏற்கவில்லை. வியர்த்துப் போய் ஜப்பானுக்கே மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் நாட்டில் மகன் என்று காட்ட ஒரு கோடு போடுவது வழக்கம், அதை நீக்கினால் என் அப்பா கோபிப்பார், அவர் உயிரோடு இல்லை என்றாலும், என்று. கோட்டை விட்டுவிட்டுச் சேர்த்து எழுதலாம், தங்கள் தந்தைக்கு எங்கள் வணக்கம் என்று மறுநாளே பதில் வந்தது. அப்படியே மூன்றாம் பக்கத்தில் சேர்த்தேன்.

கிளினிக்கில் எனக்கு விடுப்பும் அனுமதியும் தர ஒரே நிபந்தனை. ஏற்புக் கடிதத்தில் என் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் ஜப்பான், இல்லாவிட்டால் கட்டு அறை. கடிதம் நண்பனின் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருந்தது. கேட்டேன். "நாளைக்கு அனுப்புறேன் லா." மறுவாரம் கேட்டேன். "தாப்பா, பரவால்ல மச்சான், நான் எங்க ஓடிடப் போறேன்?" அதற்குமேல் கேட்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம் அத்தாட்சி கேட்பது அவனைத் திருடன் என்று சொல்வது போல. மனைவி மட்டும், "என்னங்க, பேரு இருக்கற பேப்பர கண்ணால பாத்தீங்களா?" என்றாள். நான் அவளுக்கு ஜப்பானிய ரயில் அட்டையைப் பற்றி விளக்கினேன்.

ஒரு நாள் அவனே வந்து, "நீ புக் பண்ண ரூம்ல ரெண்டு கட்டில் வேணாம்டா. ஒரே பெரிய கட்டில் உள்ள ரூமா பாரு. அங்க ரூமெல்லாம் ரொம்பச் சின்னதாம்" என்றான். நானும் மாற்றினேன். என் கவலையெல்லாம் என் குறட்டையைப் பற்றி. மூக்கில் ஒட்டும் பட்டை வாங்கி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன்!

போஸ்டரைத் துணியில் அச்சடிக்க வேண்டும் என்பது ஆறாம் பக்கம். காகிதச் சுருளைக் குழாயில் சுமந்து போய் விமானத்தில் மறந்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டாம். துணி என்றால் மடித்துக் கைப்பையில் வைக்கலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அச்சகம் வைத்திருந்தார். நண்பன் போஸ்டர் கோப்பை நேராக அவருக்கு அனுப்பிவிட்டான். "நீ போய் எடுத்துட்டு வந்துடு மச்சான்." நானும் அதே கடையில் எனக்கு நூறு பெயர் அட்டை அடிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஜப்பானிய எழுத்து. அங்கே அட்டை கொடுக்காதவன் மனிதனே இல்லையாம். இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து கொடுக்க வேண்டும். பதினோராம் பக்கம்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போய் இறங்கினேன். அக்கா முதலில் அட்டைப் பெட்டியைத் தந்தார். பிறகு துணியை மேசைமேல் விரித்தார்.

"நல்லா வந்திருக்கு பாருங்க. மடிச்சாலும் சுருங்காது லா." அப்புறம் குனிந்து பார்த்தார். கையில் என் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அண்ணே, இதுல உங்க பேரு எங்கண்ணே?"

மேலே இரண்டு பெயர்கள். முதலாவது அவன். இரண்டாவது அவன் மனைவி, சுபாங் ஜெயாவில் பல் மருத்துவர். அடியில் எறும்பு அளவில், 'ஒத்துழைத்த கிளினிக் ஊழியர்களுக்கு நன்றி'. கார் நிறுத்துமிடத்துப் பாதுகாவலரும் நானும் அதற்குள் அடக்கம்.

நடுவில் ஒரு பெரிய புகைப்படம். பேசினில் ஒரு பெண்ணின் பாதம், வெள்ளி மெட்டியோடு. குதிகாலைத் தாங்கியிருக்கும் ஒரு கை. அந்தக் கையின் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

"கண்ணாடி போடல லா, அதான் தெரியல" என்றேன் அக்காவிடம். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவர் துணியை மடித்துத் தந்தார். திரும்பும் ரயிலில் யாரோடும் போன் பேசவில்லை. ஜப்பான் ரயிலுக்கு அங்கேயே பழகிவிட்டேன்.

மறுநாள் மதியம், நோயாளிகள் போனபின், அவன் அறைக்குப் போய்ப் பரிசோதனைக் கட்டிலின் மேல் போஸ்டரைப் போர்வை மாதிரி விரித்தேன்.

"அட, சூப்பரா இருக்கே!"

"என் பேரு எங்கடா?"

நிமிர்ந்தான். "அது வந்து மச்சான், அந்த சிஸ்டம் உன் பேர எடுக்கல. அந்த ஏ/எல் இருக்குல்ல, அந்தக் கோடு. நீயே எழுதியிருந்தியே, மூணாவது பக்கத்துல."

என் கையேட்டை என்மேலேயே வீசினான். அந்தக் கோட்டுக்காக நான் செத்துப் போன அப்பாவை வைத்து ஜப்பான்காரரிடம் மன்றாடியவன்.

"உன் பேருலயும் ஏ/எல் இருக்கே. உன் பொண்டாட்டி பேருல ஏ/பி. ரெண்டும் எப்படிடா உள்ள போச்சு?"

மின்விசிறியைப் பார்த்தான். "டேய், புரிஞ்சுக்க லா. அங்கெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. எம்.ஏ. பேரு போட்டா பேப்பருக்கு வெயிட் இருக்காது. அவளுக்கும் பிரமோஷனுக்கு ஒண்ணு தேவைப்பட்டுச்சு. அடுத்த தடவ உன் பேரு முதல்ல போடுறேன், சத்தியமா."

"கால்தான் வெயிட்டா இருந்துச்சு டாக்டர். நான்தானே தூக்கிப் பாத்தேன்."

கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குள் அவனை நான் டாக்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் அது கேட்டது. கொஞ்ச நேரம் போஸ்டரின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். பிறகு, வெட்கமே இல்லாமல், "அந்த ஜப்பான் குறிப்பு முடிஞ்சுதா?" என்றான்.

கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் உருவிவிட்டுக் கொடுத்தேன். அவன் முட்டைகூடத் தொடாத சைவம். ஜப்பானில் காய்கறி சூப்பிலும் மீன் இறங்கியிருக்கும், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், கேட்க வேண்டிய வாக்கியம் இது என்று நான் ஜப்பானிய எழுத்தில் பார்த்துப் பார்த்து வரைந்த பக்கம் அது. மடித்து என் மேசை டிராயரில் போட்டேன். என் வாழ்நாளிலேயே பெரிய வில்லத்தனம். மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன்.

நான்காம் நாள் பயம் வந்துவிட்டது. அவன் பாட்டுக்கு சூப்பைக் குடிக்கிறான், பாதியில் தெரிகிறது, வாந்தி எடுக்கிறான், வெளிநாட்டில் படுத்துக்கொள்கிறான். அவன் விமானம் ஏறும் காலையில் ஒன்பதாம் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். வஞ்சகம் செய்யவும் ஒரு தகுதி வேண்டும், எனக்கு அது இல்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு படம். போஸ்டருக்கு முன்னால் அவனும் மனைவியும் மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். இருவர் தலைக்கும் நடுவில் என் நகம்.

அந்த வாரம் மெட்டிக் கால்காரர் கட்டு மாற்ற வந்தார். கிள்ளானில் நாசி லெமாக் கடை வைத்திருக்கிற ஆன்டி. முகம் வேண்டாம், கால் மட்டும் எடுத்துக்கொள் என்று படத்துக்குச் சம்மதித்தவர், பிறகு கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"என்னா தம்பி, என் கால் ஜப்பான் போச்சா?"

போனைக் காட்டினேன். மெட்டியைப் பார்த்ததும் ஆன்டி முகம் மலர்ந்தது. பிறகு திரையை விரலால் பெரிதாக்கினார்.

"இது உன் விரல்தானே? ஆமா, நீ எங்க? இந்தப் பொம்பள யாரு?"

"பல் டாக்டர் ஆன்டி."

"என் காலுல பல்லு எங்கடா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. நடுவிலேயே அது வேறு மாதிரி ஆகப் பார்த்ததால் குனிந்து பேசினில் தண்ணீர் ஊற்றினேன்.

"உன் பேரு எழுதலியா அவங்க?"

"இல்ல ஆன்டி."

ஆன்டி போனைத் திருப்பித் தந்தார். "ஆமா, உன் பேரு என்னா தம்பி?"

ஆறு வருடமாக அந்தக் காலைத் தொடுகிறேன். அவருக்கும் நான் தம்பிதான்.

கையைத் துடைத்துக்கொண்டு டிராயரைத் திறந்தேன். பெட்டியில் நூறு அட்டைகளும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து, எழுந்து நின்று, பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தபடியே இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பிலிருந்து குனிந்து நீட்டினேன்.

"இந்த மூஞ்சிக்குக் கார்டு வேறயா!" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்னா எழுத்து இது? படிச்சுச் சொல்லு."

சொன்னேன். ஏ/எல், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து முழுசாகச் சொன்னேன். கைப்பையில் கிளினிக் அட்டையோடு அதைச் செருகிக்கொண்டார்.

"சரி, சீக்கிரம் கட்டு. கடையில ஆளில்ல."

உட்கார்ந்து குதிகாலைத் தூக்கினேன். ஆன்டியின் கை வழக்கம்போல என் தலைக்கு வந்தது. "நல்லா இரு" என்றார். என்றும் அதோடு முடிந்துவிடும். அன்று கொஞ்சம் தயங்கி, கைப்பையை ஒரு தடவை பார்த்து, பின்னாலேயே என் பெயரையும் சொன்னார்.