வரப்பில் எரிந்த வெளிச்சம்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வயலை ஒட்டியே எங்கள் வீடு. இங்கே மின்மினி இரண்டு விதம். கண்மாய்க்கரை மரங்களில் சிமிட்டிச் சிமிட்டிப் பறப்பவை ஒன்று. வரப்புப் புல்லுக்குள் இறக்கையில்லாமல் ஊர்ந்து, நத்தையைத் தின்று, சிமிட்டாமல் எரிபவை மற்றொன்று.

போன ஐப்பசியில் வரப்பில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் மருந்து அடித்துவிட்டேன். புல்லைக் கருக்கும் விஷத்துக்கும் எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர்.

மறுநாள் பொழுது சாயும்போது வரப்பு நெடுகப் பச்சை வெளிச்சம். அவ்வளவு மின்மினியை நான் ஒருசேரப் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணுகூட நகரலையே?"

குச்சியால் ஒன்றைப் புரட்டினேன். அது மல்லாந்தபடியே எரிந்தது. ஒளிந்துகொள்ளப் புல் இல்லாமல் எல்லாம் வெறும் மண்ணில் கிடந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி வெளிச்சம் அணைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"மருந்துதானேன்னு அடிச்சுட்டீங்க. இங்கிட்டு வழியிற தண்ணி நம்ம கெணத்துலதானே எறங்கும்?" என்றாள்.

மழை நள்ளிரவு வரை விடவில்லை.

காலையில் அந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீரில்தான் அவள் உலை வைத்தாள். வேறு தண்ணீர் எங்களுக்கு இல்லை.