மாத்தேங்க

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு ‘பொத், பொத்’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால், கீழே சக்கரம் கழற்றிக்கொண்டிருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். மேலே இருபத்திரண்டு குழந்தைகள் வரிசையாக மல்லாந்து விழுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். விழ வைப்பவளின் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. பொத்தக்கா என்றால்தான் தெரியும்.

காலையில் அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. மாலையில் நான்கு வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஜூடோ. “காலையில குத்துறா, சாயங்காலம் தள்ளுறா, நடுவுல எனக்குச் சோறு போடுறா” என்று அவள் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு. அது சிரிப்பு இருந்த காலம். நான்கு வருடமாக அந்த வீட்டில் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

காரணம் கொழுந்தன்.

கூடத்தில் ஜூடோ வகுப்பை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். பாய்களை இருவரும்தான் தலையில் சுமந்து படியேறினார்கள். ஒருநாள் பேருந்துப் படியில் சறுக்கி அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஏழு வாரம் வீட்டில் கிடந்தாள். எட்டாவது வாரம் வந்து பார்த்தபோது வாசல் பலகையில் கொழுந்தனின் படம் கைகட்டி நின்றது. அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட். பெரிய பிள்ளைகளின் வகுப்பு முழுவதையும் அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணிக்கு இனிமேல் தோள் தாங்காது என்று சங்கத்தில் சொல்லிவிட்டானாம். சண்டை போட்டு, கெஞ்சி, கடைசியில் பால் பல் விழாத இந்தச் சின்னதுகளை மட்டும்தான் அவளால் திரும்ப வாங்க முடிந்தது.

அன்றிலிருந்து அவள் அவனோடு நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள். “ஆறு மணிக்கு மேல இந்தப் பாயில செருப்புக்கால் வைக்கிறவங்க கொஞ்சம் யோசிச்சு வைக்கணும்” என்பாள் கடிகாரத்திடம். “அண்ணி, கடிகாரம் அஞ்சு நிமிஷம் லேட்டு, மெதுவாத்தான் புரியும்” என்பான் அவன். கணவரோ எலக்ட்ரீஷியன். வீட்டில் இந்தப் பேச்சு எழுந்ததும் எங்கோ ஒரு ஃப்யூஸ் போய்விட்டதாக நினைவு வந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அவள் முதல் மாதம் மூன்றே விஷயம்தான் கற்றுக்கொடுத்தாள். எப்படி விழுவது. வலித்தால் பிடியை விடச்சொல்லி எப்படி இரண்டு தட்டுத் தட்டுவது. மூன்றாவது, ‘மாத்தே’. ஜப்பான்காரர்கள் பாயில் சொல்லும் வார்த்தை அது. நிறுத்து என்று பொருள். யாருக்காவது அடிபடப்போகிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன நொடியில் எல்லோரும் கையை எடுக்க வேண்டும். முதல் நாள் அவள் ‘மாத்தே’ என்று குரல் கொடுத்ததும் ஒரு பயல் நிதானமாகச் சட்டையைக் கழற்றிவிட்டு, மாற்றுச் சட்டை எங்கே என்று அம்மாவைத் தேடினான்.

அந்தக் கூட்டத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதால் கொட்டாவி என்று பெயர். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவள் அம்மா வளர்த்த வளர்ப்பில், எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுவிடுவாள். எண்ணச் சொன்னால் “ஒண்ணுங்க, ரெண்டுங்க” என்றுதான் எண்ணுவாள்.

போன மாதம் கொட்டாவி ஒருவனை அமுக்கிப் பிடித்தாள். அவன் இரண்டு தட்டுத் தட்டினான். அவள் விடவில்லை. ஜெயிக்கிற சுகத்தில் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே கிடந்தாள். பையன் முகம் சிவந்துவிட்டது. பொத்தக்கா அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாய்க்கு வெளியே, செருப்பு அலமாரி பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தட்டிய பிறகு விடாதவர்களுக்கு மூன்று வகுப்பு பெஞ்ச். அதுதான் அந்தக் கூடத்தின் சட்டம்.

கொட்டாவியின் அம்மா ஆவேசமாக வந்தாள்.

“மூணு நாள் செருப்போட செருப்பா உக்கார வச்சா என் பொண்ணு எதைக் கத்துப்பா?”

“விடக் கத்துப்பா.”

“உங்க கொழுந்தன்கிட்ட இப்படி இல்லையாம். அங்க மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட்டு கலர் மாறுதாம்.”

“அது பெல்ட்டுக் கடை. போறவங்க போகலாம்.”

இந்தப் பேச்சு அப்படியே கொழுந்தன் காதுக்குப் போனது. அவன் அதை இன்னும் கொஞ்சம் மிளகாய் தூவிச் சங்கச் செயலாளரிடம் கொண்டுபோனான். வரும் வருடத்திலிருந்து கூடத்துக்கு ஒரே ஆசிரியர்தான், சின்ன வகுப்பும் சேர்த்து ஒருவருக்கே என்று சங்கம் முடிவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோர் முன்னால் இருவரும் தங்கள் பிள்ளைகளைச் செய்து காட்ட வேண்டும், செயலாளர் பார்த்து அங்கேயே அறிவிப்பார்.

அந்த வாரம் முழுவதும் ஊசி குத்தும்போதுகூட அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் போய், ஒட்டிக்கொண்டிருந்தது இந்த இருபத்திரண்டுதான். இதையும் அவன் பிடுங்கிக்கொண்டால் மாலை ஐந்து மணிக்கு அவள் எங்கே போவாள்?

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் கொழுந்தனின் பிள்ளைகள். கத்தினார்கள், காற்றை உதைத்தார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு பலகையைக் கையால் இரண்டாக உடைத்தார்கள். கூட்டம் அசந்துபோனது. அந்தப் பலகை மரக்கலர் அடித்த தெர்மாகோல் என்பது முன்வரிசையில் இருந்தவர்களின் மடியில் வெள்ளை வெள்ளையாக விழுந்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் கைதட்டினார்கள்.

பிறகு அவளுடைய பிள்ளைகள். விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். ஒரு தகப்பன் பின்னாலிருந்து, “இதுக்கு வீட்டுக் கட்டிலே போதுமே” என்றான். சிரிப்பு பரவியது. அவள் காது மடல் சுட்டது.

கொழுந்தன் மைக்கை எடுத்தான். “சின்னப் பசங்க விழுந்ததைப் பார்த்தீங்க. இப்ப பெரியவங்க ஒரு ஆட்டம் காட்டலாமா? அண்ணி, தோள் சரியாயிடுச்சுன்னா வாங்க. இல்லேன்னா பரவாயில்ல, உக்காருங்க.”

அவள் எழுந்தாள். கணவர் தலையை அசைத்து வேண்டாம் என்றதை அவள் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

இருவரும் சட்டைக் காலரைப் பற்றினார்கள். அவன் முகம் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தது. “மெதுவாத் தள்ளுறேன், பயப்படாதீங்க” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. மெதுவாகத் தள்ளத்தான் வந்தான். தள்ள வந்தவனின் பாரத்தையே வாங்கி இடுப்பில் ஏற்றி அவள் சுழற்றினாள். கூடம் அதிர அவன் மல்லாந்தான். மூச்சு விடுவதற்குள் அவன் கழுத்தையும் கையையும் சேர்த்து அணைத்து, பக்கவாட்டில் விலாமேல் உட்கார்ந்து அமுக்கினாள்.

அவன் இரண்டு முறை அவள் முதுகில் தட்டினான்.

அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தட்டு அவள் கனவில்கூடத் தெரியும் தட்டு. ஆனால் கண்முன்னால் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை நின்றது. கழுத்தில் தொங்கிய கட்டு நின்றது. ஏழு வாரம் சங்கத்திலிருந்து ஒருவர்கூட வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்காத படுக்கை நின்றது. அவள் இன்னும் இறுக்கினாள்.

அவன் பாயில் தட்டினான். இரண்டு. மறுபடி இரண்டு. கூட்டத்துக்கு அதன் பொருள் தெரியாது. அவன் ஆட்டத்துக்குத் தாளம் போடுகிறான் என்று நினைத்து அவர்களும் சேர்ந்து தட்டினார்கள். செயலாளர் எழுந்து நின்று தட்டினார். அத்தனை பெரியவர்களும் கைதட்டிக்கொண்டிருக்க, பாயின் ஓரத்தில் மண்டியிட்டிருந்த இருபத்திரண்டு குழந்தைகள் மட்டும் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரை எப்படி நிறுத்துவது? டீச்சரிடம் யார் அப்படிச் சொல்வது?

கொட்டாவி எழுந்தாள். வாய் மூடியிருந்தது. பிறகு திறந்தது.

“மாத்தேங்க, டீச்சர்.”

பொத்தக்காவின் கை தானாக விட்டது.

கொழுந்தன் உருண்டு எழுந்து, இருமிக்கொண்டே சிரித்தான். கால் வழுக்கிவிட்டது என்று மைக்கில் சொன்னான். தட்டியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வீரம் என்றால் இதுதான், சின்ன வகுப்பும் பெரிய வகுப்பும் இனி இந்த அம்மாவுக்கே என்று அறிவித்தார். நான்கு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்தபோது அவள் பார்த்தது கொட்டாவியின் முகத்தை. அந்த முகம் எதற்கோ காத்திருந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். இவர் தட்டினார், நான் விடவில்லை என்றாள். தட்டிய பிறகு விடாதவர்களுக்கு இங்கே மூன்று வகுப்பு பெஞ்ச், எனக்கும் அதுதான் என்றாள்.

“அதெல்லாம் இப்ப யாரும்மா கேட்டா?” என்றார் செயலாளர்.

“அவங்க கேட்டாங்க” என்று அவள் பாயின் ஓரத்தைக் காட்டினாள்.

கூட்டம் முணுமுணுத்தது. அப்போ வேணும்னுதான் நெரிச்சாங்களா என்று ஒருத்தி கேட்டாள். இப்படிப்பட்டவங்ககிட்டயா பிள்ளைங்களை விடுறது என்று கொட்டாவியின் அம்மா எழுந்தாள். பத்தே நிமிடம். செயலாளர் இரண்டு உறுப்பினர்களோடு மூலையில் பேசிவிட்டு வந்து, பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி எல்லா வகுப்பும் கொழுந்தனுக்கே என்று மாற்றி அறிவித்தார். அவள் பெல்ட்டை அவிழ்த்து மடித்துக்கொண்டு இறங்கினாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே” என்றார் கணவர் படியில். அவரோடும் பேச்சு நின்றது.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் வந்தாள். செருப்பு அலமாரி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொழுந்தன் திகைத்தான். தண்டனை போட்டவள் போனாலும் தண்டனை போகவில்லை என்று அவள் கடிகாரத்திடம் சொன்னாள். பெஞ்சில் இருப்பவர்கள் அதற்கு மேல் பேசக்கூடாது. பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவன் எண்ணிக்கையைத் தவறவிட்டான். இரண்டாம் நாள் வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்தான்.

மூன்றாம் நாள் அமுக்கும் பிடி. கொட்டாவி ஒரு பையனை அமுக்கினாள். அவன் இரண்டு தட்டினான்.

“விடாதே. இன்னும் இறுக்கு” என்றான் கொழுந்தன்.

கொட்டாவி விட்டாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“அவன் தட்டிட்டானுங்க.”

இந்தப் பதிலைக் கேட்டுச் சில குழந்தைகள் சிரித்தன. அவன் முகம் கறுத்தது. போய் பெஞ்சுல உக்காரு, மூணு நாள் என்று விரலை நீட்டினான். கொட்டாவி நடந்து வந்து, காலைத் தொங்கவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்தது. குழந்தைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, கொழுந்தன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்து நின்றான்.

“உங்க மூணு வகுப்பு முடிஞ்சுது, அண்ணி. நாளையிலேர்ந்து வீட்டுல இருக்கலாமே.”

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்கு வருடத்தில் முதல் முறையாக அவன் கண்ணைப் பார்த்தாள்.

“என்னுது முடிஞ்சுது. இவளுது நாளைக்குத்தான் ஆரம்பம். சின்னப் பொண்ணு, தனியா உக்காரமாட்டா. துணைக்கு நான் வருவேன். அதுக்கப்புறம் நீ இங்க யாரை உக்கார வச்சாலும் வருவேன்.”

கொட்டாவி வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.