குணா அண்ணனும் கயலின் மூச்சும்

செய்தி வந்தபோது நான் லூமுட் படகுத்துறையில் இருந்தேன். பங்கோர் தீவுக்குப் போகும் படகுகள் தாமதமாவது பற்றிச் செய்தி எழுதப் பயணிகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பத்திரிகையின் பக்க வடிவமைப்பாளர் கைப்பேசியில் அழைத்தார். "குணா அண்ணே போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த பயணியிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு, ஈப்போவுக்குக் காரைத் திருப்பினேன். பேட்டியைப் பாதியில் விட்டு வந்தால் குணா அண்ணனுக்குப் பிடிக்காது.

அவர் வீட்டில் முதலில் என் கண்ணில் பட்டது சாம்பிராணிச் சட்டி. அது உள்ளே அவர் தலைமாட்டில் இல்லை. கேட்டுக்கு வெளியே, கால்வாய் ஓரத்தில் புகைந்துகொண்டிருந்தது. உறவினர் ஒருவர் அதை உள்ளே தூக்கப் போனார். குணா அண்ணனின் மனைவி சாந்தி அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "மாமா, சட்டி அங்கயே இருக்கட்டும். அவரு கோச்சுக்க மாட்டாரு" என்றார். வந்திருந்த சிலர் முகம் சுளித்தார்கள். காரணம் தெரிந்தவர்களில் நான் ஒருவன் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலர் குணசேகரனைக் கேமராவோடுதான் பார்த்திருப்பீர்கள். எங்கள் பத்திரிகையின் படங்களில் பாதி அவர் எடுத்தவை. எதைக் கண்டாலும், "அது ஏன்லா அப்படி?" என்று கேட்பார். பழைய ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு வீட்டுச் சாவி கொடுக்கும் விழா ஒன்றுக்குப் போயிருந்தோம். எல்லாக் கேமராக்களும் மேடையில் அமைச்சரைப் பார்த்திருக்க, இவர் மட்டும் கீழே இறங்கிவந்த ஒரு பெரியவரின் பின்னால் போனார். பெரியவர் சாவியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். குணா அண்ணன் படமெடுத்துவிட்டு நேராகவே கேட்டார்: "ஐயா, ஏன் மோந்து பாத்தீங்க?"

"புதுசா பழசான்னு பாத்தேன் தம்பி. இதுவரைக்கும் நமக்குக் கொடுத்ததெல்லாம் பழசுதானே."

அமைச்சரின் படத்தை விட்டுவிட்டு அதைத்தான் முதல் பக்கத்தில் போட்டோம்.

திருமணமாகி நெடுநாள் காத்திருந்து, நாற்பதைக் கடந்த பிறகு அவருக்குக் கயல்விழி பிறந்தாள். சாந்தி அக்காவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிள்ளையைப் பெரும்பாலும் இவர்தான் பார்த்துக்கொண்டார். மூன்று வயதில் அவளுக்கு நிமோனியா வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போகவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. ஓடினால் இருமல், பால் குடித்தால் இருமல். கிளினிக்கில் மருந்தை ஆவியாக்கிக் காஸ் வைத்தால் இரண்டு நாள் குறையும், பிறகு மறுபடியும் தொடங்கும். "சிரிச்சாலும் இருமுறா லா" என்று ஒருநாள் அலுவலகத்தில் சொன்னார். "அதுக்காகப் பிள்ளைய சிரிக்க வைக்காம இருக்க முடியுமா?"

சாந்தி அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால், ஈரம் இறங்கிச் சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்துவது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுவந்த புகையை, இருமல் கூடக் கூட அடிக்கடி போட ஆரம்பித்தார். அப்போது அவர்கள் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். பிள்ளைமேல் காற்றுப் படக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் போடுவார்.

அப்படி ஒரு காலையில் குணா அண்ணன் எடுத்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் பட்டை பட்டையாகப் புகைக்குள் இறங்குகிறது. நடுவில் ஈரத் தலையோடு கயல், வாய் லேசாகத் திறந்து, மேலே பார்க்கிறாள். எங்கள் தீபாவளி மலரின் அட்டையில் அதுதான் வந்தது. அம்மன் மாதிரி இருக்கிறாள் என்று வாசகர்கள் எழுதினார்கள். குணா அண்ணன் அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்.

அந்த மலர் வந்த கொஞ்ச நாளில் ஈப்போவில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனார்கள். குணா அண்ணனின் கார் பட்டறையில் இருந்ததால் நான்தான் ஓட்டிப் போனேன். மருத்துவர் கயலின் சட்டையைக் கழற்றிவிட்டு, "மூச்சு இழுக்கும்போது இந்தக் கழுத்துக்குழி உள்ள போகுது பாருங்க. கஷ்டப்பட்டு இழுக்கிறாள்னு அர்த்தம். இப்படித் தெரிஞ்சா காத்திருக்காம உடனே கொண்டு வாங்க" என்றார். பிறகு வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். இல்லை என்றார் குணா அண்ணன். சற்று யோசித்து, "சாம்பிராணி புகைக் கணக்குல வருமா டாக்டர்?" என்றார்.

"நல்ல புகை, கெட்ட புகைன்னு நுரையீரலுக்குத் தெரியாதுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தின் முன் போய் நின்றார். பிறகு என்னை அழைத்துக் கயலின் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். எலும்புக்கு மேலே ஆழமாக ஒரு குழி. நிழல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "நான் வெளிச்சத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் லா" என்றார்.

சாந்தி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா எனக்கும்தான் போட்டாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

குணா அண்ணன் வாதாடவில்லை. கேள்விதான் கேட்டார். "உங்கம்மா எங்க உக்கார வச்சுப் போட்டாங்க?"

"தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல."

"கதவைச் சாத்திட்டா?"

"வாசலுக்கு ஏதுங்க கதவு?" என்றார். சாத்தியிருந்த ஜன்னல்களைப் பார்த்தார். "காத்துப் படக் கூடாதுன்னுதானே..." என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதே சாம்பிராணிதான் சாந்தி. நாமதான் வீடு மாறிட்டோம்."

சாந்தி அக்கா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ முடி எப்படிக் காயும்?"

"ஃபேன் எதுக்கு மாட்டியிருக்கேன்? எனக்குக் காய வைக்க முடியா இருக்கு?" என்று தன் வழுக்கையைத் தடவினார். சாந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டாலேயே அவரை அடித்தார்.

புகையை நிறுத்தியதும் இருமல் நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய். குறைந்தது, அவ்வளவுதான். மூச்சு மருந்துப் பம்ப்பைப் பிளாஸ்டிக் குழாயில் செருகி, முகமூடி வைத்துக் காலையும் மாலையும் மருந்து இழுக்க வேண்டியிருந்தது. கயல் முகமூடியைக் கண்டாலே ஓடுவாள். முதலில் கேமராவின் முகத்தில் வைத்து, அது மூச்சு விடுவதுபோல இவர் சத்தம் எழுப்பிய பிறகே தன் முகத்தைக் காட்டுவாள். காட்டுத்தீயால் ஊரே புகைமூட்டமாகும் காலத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரி. அப்படியே சில வருடங்கள் போயின.

அந்தப் படத்தை அவர் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். "படம் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல" என்றார். கைக்குழந்தையோடு வீட்டுக்கு வருபவர்களை அதன் முன் நிறுத்தி, "இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். எல்லோரும் வெயிலைச் சொல்வார்கள். அவர் பொறுமையாகக் கழுத்தைக் காட்டுவார்.

கயல் இப்போது பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் பெண். அப்பா போன அன்று அவர் காலடியில் உட்கார்ந்து, அடக்காமல் பெருங்குரலில் அழுதாள். "அழாத பாப்பா, மூச்சு வாங்கும்" என்று உறவினர்கள் தடுத்தார்கள். சாந்தி அக்கா, "அழட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். குணா அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்: ஒரு பிள்ளை அழும்போது என் கண் முகத்தோடு நிற்பதில்லை, கொஞ்சம் கீழே இறங்குகிறது. குழி உள்ளே போகவில்லை. கயல் தன் அப்பாவுக்காக மூச்சு முட்டாமல் அழுதாள்.