யூட்டின் குழாயும் என்னுடைய குழாயும்

விமான எஞ்சினுக்குக் காற்றுக் குழாயின் நீளம் பார்ப்பது என் வேலை. இந்த வேலைக்கு மட்டக்களப்பில் இரண்டே பேர்தான் என்பது பெருமைக்குரியது, அந்த மற்றவன் யூட்டாக இல்லாதிருந்தால். நீங்கள் வேலை செய்யும் கந்தோரிலும் ஒரு யூட் இருப்பான். அவனை நினைத்துக்கொண்டே வாசியுங்கள்.

சோடாப் போத்தல்

புளியந்தீவு ஏர்வின் ஐயா போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். தன்னாமுனையில் வாவியோரமாகக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டினார். அதற்கு, பழைய கார் ஒன்றில் கழற்றிய றோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டன் இல்லை. முக்கோண உருளை ஒன்று சுழலும். தனியே பறந்து பார்த்த பிறகு, மானிகளைக் கவனிக்க எங்கள் இருவரில் ஒருவரைப் பக்கத்து ஆசனத்தில் ஏற்றுவதாகச் சொன்னார். யாருடைய குழாய் வெல்கிறதோ அவரைத்தான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒருநாள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். நான் ஒழுங்காக விளக்கினேன். எஞ்சினின் வாயில் மூடும்போது குழாய்க்குள் ஓர் அமுக்க அலை புறப்படும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல்போலத் திரும்பி வரும். வாயில் மறுபடி திறக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதலான காற்றை உள்ளே தள்ளும். குழாயின் நீளம் சரியாக இருந்தால்தான் நேரத்துக்கு வரும். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். யூட் ஒரு சோடாப் போத்தலை ஊதினான், பாதியைக் குடித்தான், மறுபடி ஊதினான். சத்தம் மாறியது. ஒரே கைதட்டல். போகும்போது ஒரு சிறுமி என்னிடம் ஆறுதலாகச் சொன்னாள்: "அந்த அண்ணனுக்கிட்டக் கேளுங்க ஸேர், உங்களுக்கும் விளங்கும்."

இழுத்து நீட்டும் குழாய்

ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு குழாய் வெட்டுவது வீண்வேலை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று வழுகும் இரண்டு குழாய்களை நானே கடைந்தேன். எஞ்சின் ஓடும்போதே நீட்டலாம், குறுக்கலாம். நான் கைகழுவப் போன நேரம் ஏர்வின் ஐயா வந்துவிட்டார். குழாய் யூட்டின் கையில் இருந்தது. திரும்பி வந்தால், ஐயா அவன் தோளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். என்னை எப்போதும் "மிஸ்டர் செல்வம்" என்பவர், அவனை மகன்போல "மனே" என்பார். எனக்குக் காது சுட்டது. யூட் என்னைக் கண்டதும் பெருந்தன்மையோடு சொன்னான்: "நான் மட்டுமில்ல ஐயா, அண்ணனும் நல்லா உதவி செஞ்சவர்."

மீன் தராசு

விமானத்தின் வாலைத் தென்னையில் கட்டி, கயிற்றின் நடுவே ஒரு தராசைக் கொழுவி, எஞ்சினை ஓடவிட்டால் இழுவை தெரியும். வாழைச்சேனை மீன் முதலாளி ஒருவர் தன் தொங்கு தராசோடு தானும் வந்தார். விமானம் பறக்கும்போது எஞ்சின் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால், ஒரே ஒரு நீளத்தைத்தான் ஒட்டி நிலையாக்க வேண்டும். யூட் ஒரு நீளம் சொன்னான். நான் அதைவிடப் பெருவிரல் அகலம் கூட்டிச் சொன்னேன். முதல்நாள் மழை, குளிர்ந்த காலை. யூட்டின் நீளம் கூடுதலாக இழுத்தது. அவன் விசிலடித்தான். நான் தராசில் பிழையிருக்கும் என்றேன். முதலாளிக்குக் கோபம் வந்தது: "இந்தத் தராசில கிடந்த சூரை ஒண்டும் இதுவரைக்கும் பிழை சொன்னதில்ல தம்பி."

கச்சான்

மத்தியானம்வரை பொறுக்கச் சொன்னேன். கச்சான் என்ற சுடுகாற்று எழும்பியது; கொட்டகைத் தகரம் கொதித்தது. சூடான காற்றில் அலை விரைவாக ஓடும். யூட்டின் குழாயில் அது வாயில் திறக்குமுன்பே வந்து நின்றது. காற்று அடங்கிய இடைவெளியில் மறுபடி நிறுத்தோம். வெயிலுக்கு இரண்டு நீளமும் சோர்ந்தன. என்னுடையது குறைவாகச் சோர்ந்தது. இந்த ஊரில் பறப்பதென்றால் பெரும்பாலும் வெயிலில்தான் என்று ஏர்வின் ஐயா என் நீளத்தையே ஒட்டச் சொன்னார். யூட்டின் முகம் வாடும் என்று ஆசையோடு பார்த்தேன். அவன் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "சந்தோசம் அண்ணன், மறுகா ஏதும் பிழைச்சா என்னக் கேக்க மாட்டாங்க."

பக்கத்து ஆசனம்

பறக்க அனுமதி கிடைத்தது. ஏர்வின் ஐயா தனியே பறந்து, வாவியைச் சுற்றி, பத்திரமாக இறங்கினார். எஞ்சின் பட்டுப்போல ஓடியதாம். நான் புதுக் கறுப்புக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசனத்தருகில் போய் நின்றேன். ஐயா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வயிற்றில் கொஞ்சம் தாமதித்தார். பிறகு, கொக்குப்போல நின்ற யூட்டைப் பார்த்தார். மனம் நோகாமல் சொல்ல அவர் பட்டபாடு எனக்கு விளங்கியது. "மிஸ்டர் செல்வம், உங்கட குழாய் கூட்டித் தந்த இழுவை முழுக்க உங்களத் தூக்கவே போயிரும். மனே, நீ ஏறு."

இத்தொழிலில் நான் கடைசியாகக் கண்டுபிடித்தது இதுதான்: இரவில் என் சோற்றைக் குறைக்க வேண்டும், யூட்டுக்குத் தினமும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும்.