காட்டுக்குள் சொன்ன வாய்ப்பாடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றால் கத்துவதுதான். நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டைத் தட்டி வைத்து மறைத்து நடத்திய பள்ளிக்கூடம் அது. ஈரெண்டு நாலு, மூவெண்டு ஆறு என்று நாங்கள் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழும். "பள்ளியோடமா, காக்காக் கூட்டமா?" என்பாள் அம்மா. அந்தக் கூட்டத்திலேயே பெரிய தொண்டை என்னுடையது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெரிய துரையின் பங்களாவில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வளர்க்கிறார்கள், துரைசானி பிள்ளைகளைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் என்று ஒருநாள் வாத்தியார் சொன்னார். போகிற வழியில் காட்டையும் காட்டுவாராம். தேயிலையைத் தவிர வேறு பச்சை அறியாத எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டத்தின் மேல் எல்லையில் மிஞ்சியிருந்த அந்தக் காடு யார் காலத்துக் காடென்று சொல்ல ஆளில்லை. புதிதாகத் தேயிலை போட அதை வெட்டுகிறார்கள் என்பது வாத்தியாருக்கும் தெரியும். என் அப்பாவே வெட்டுகிற ஆட்களில் ஒருவர். கோடரிச் சத்தம் உச்சியில்தானே கேட்கிறது, கீழ்ப்பாதையில் போனால் என்ன என்று வாத்தியார் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நுழையும்போது ஆளுக்கொரு கொப்பை ஒடித்துக் கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டோம். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்குச் செய்கிற மரியாதை அது. உள்ளே போனதும் எங்கள் வாய் தானாக அடைத்துக்கொண்டது. அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு மரத்தை நாங்கள் அத்தனை பேரும் கைகோத்துச் சுற்றி வளைத்தும், கடைசிக் கை முதல் கையைத் தொடவில்லை. அடிமரமெல்லாம் கம்பளி போர்த்தியதுபோலப் பாசி. ஒவ்வொரு மரத்திலும் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக ஒரு பெரிய வெட்டு. ஒரு வெட்டுக்குள் நான் ஏறி உட்கார்ந்து, "எங்கப்பா வெட்டுனது!" என்று பீற்றிக்கொண்டேன். சிறுத்தை கிறுத்தை வராமலிருக்க எல்லாரும் வாய்ப்பாடு சொல்லுங்கள் என்றார் வாத்தியார். எங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

காடு வெட்டும் முறை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அடியிலிருந்து மேலே போகப் போக எல்லா மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்திவிடுவார்கள். கடைசியில் உச்சி வரிசையை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது கீழ்வரிசைமேல் விழ, அந்த வரிசை அதற்கும் கீழே விழ, சரிவு முழுவதும் ஒரே மூச்சில் படுத்துவிடும். நாங்கள் நின்றது அந்தச் சரிவின் நட்டநடுவில். உச்சியில் கடைசி வெட்டு நடந்துகொண்டிருந்தது.

திடீரென்று கோடரிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அப்பா மரங்களுக்கிடையே சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. வாத்தியாரிடம் மெதுவாகப் பேசினார். எல்லாம் என் காதில் விழுந்தது, புரியத்தான் இல்லை.

"பிள்ளைங்க சத்தம் மட்டும் நிக்கக்கூடாதுங்க. அதக் கேட்டுத்தான் மேல உள்ளவங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஆனா உச்சி மரத்துல வெட்டு ஆழமா விழுந்துருச்சு. காத்து வர்றதுக்குள்ள வெளிய போயிறணும்."

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "பிள்ளைங்க முன்னால போகட்டும். நான் கடைசியா வர்றேன்" என்றார்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நீதான் பெரிய தொண்டைக்காரி. சொல்லு தாயி" என்றார். என் படிப்பை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? காடு அதிரக் கத்தினேன். மற்றவர்கள் பின்பாட்டாகச் சொல்லிக்கொண்டே வரிசையாக வந்தார்கள். ஒரு பையன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க நின்றான். வாத்தியார் அவனை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்பா உச்சியில் நின்றே கூப்பாடு போட்டிருக்கலாம். நாங்கள் பயந்து மூலைக்கொருவராகச் சிதறியிருப்போம். இறங்கிவந்த அந்த மனிதரையும் கடைசியாக வந்த அந்த மனிதரையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

தேயிலைக்குள் வெகுதூரம் வந்தபிறகு அப்பா உச்சியைப் பார்த்து நீளமாகக் கூவினார். மேலிருந்து பதில் கூவல் வந்தது. வேலைக்குத் திரும்பாமல் அவரும் எங்களோடு பங்களாவுக்கு வந்தார். மீன் பார்க்கும் ஆசை அவருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விறாந்தையில் மேசைமேல் இருந்தது தொட்டி. பொன்னும் சிவப்புமாக மீன்கள், பட்டுத்துணிபோல வால். வாயைத் திறந்து திறந்து மூடின. "அதுகளும் வாய்ப்பாடு சொல்லுது" என்றான் அட்டை கடித்த பையன். அப்போது எங்கோ தடதடவென்று ஒரு முழக்கம். அது நிற்காமல் நீண்டுகொண்டே போனது. தொட்டித் தண்ணீர் நடுங்கியது. மீன்களெல்லாம் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

"இடியா, அப்பா?"

"ஆமா தாயி. இடிதான்."

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையால் என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு, எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தொட்டிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இவ்வளவு அழகான மீன் கண்ணெதிரே நீந்தும்போது பார்க்கத் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று அப்பாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.