நேர்முகத் தேர்வில் நான் சொல்லாத சொல்

ஆங்கிலத்தில் ‘வொண்டர்ஃபுல்’ என்ற சொல்லை வைத்து நாற்பது வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள்; பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு. வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். “எதைக் கேட்டாலும் குட், நைஸ் என்று முடித்துக்கொள்ளாதீர்கள்” என்று பயிற்சி கொடுத்த மேடம் அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் பழக்கினார். நோட்டின் பின்பக்கத்தில் விதிகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, அதற்கு முன்னால் ‘வெரி’ போடக் கூடாது. அந்தச் சொல்லே போதுமான அளவு பெரியது. இரண்டு, மனிதருக்கும் சொல்லலாம், பொருளுக்கும் சொல்லலாம், கழிந்த நாளுக்கும் சொல்லலாம். மூன்று, சொன்ன கையோடு ஏன் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் காக்கா பிடிப்பது போல் இருக்கும்.

என் தோழி பள்ளிப்பட்டிலிருந்து வருவாள். திருத்தணி பஸ் நிலையத்தில் சேர்ந்துகொண்டு இருவரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போவோம். மலைப்படி, ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம், கல்லூரி கேன்டீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாக்கியமாக்குவேன். அவள் கிண்டல் செய்வாள்.

“இந்த பஸ்ஸ சொல்லு பாக்கலாம், வொண்டர்ஃபுல்னு.”

“காரணம் வேணும்டி.”

“கூரை ஒழுவுனாலும் ஓடிக்கினு இருக்குதே, இன்னும் இன்னா காரணம்?”

ப்ராஜெக்டில் நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் விசைத்தறியைத் தானே நிறுத்தும் ஒரு சிறிய மின்சாதனம் செய்தோம். செய்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சர்க்யூட் போட்டது, சால்டரிங் வைத்தது, மூன்று முறை எரிந்துபோனதை மூன்று முறை சரிசெய்தது எல்லாம் அவள். நான் அறிக்கை எழுதினேன், படம் வரைந்தேன், உதிரிப் பாகங்களின் பட்டியல் போட்டேன்.

அதை அவள் வீட்டுத் தறியில் பொருத்திப் பார்த்த அன்று நானும் போயிருந்தேன். அவள் அப்பா ஓடுகிற தறியில் ஒரு நூலை வேண்டுமென்றே அறுத்தார். தறி சட்டென்று நின்றது. இன்னொன்றை அறுத்தார். நின்றது. மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பரவால்ல” என்றார்.

“அவ்ளோதானா நைனா?” என்று அவள் கேட்டாள்.

“துணி தறியிலதானம்மா கீது” என்றார் அவர்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் தறிதான். தறியில் இருக்கும் துணியை யாரும் புகழ மாட்டோம். புகழ்ந்தால் நூல் அறும் என்பார்கள். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தறியில் ஓடிக்கொண்டிருந்த லுங்கியைப் பார்த்து ‘சூப்பரா இருக்கு’ என்றபோது, அவர் போனதும் அம்மா தறிக்கு உப்பைச் சுற்றிப் போட்டாள். துணியைத் தறியிலிருந்து அறுத்து மடித்து, அது வெளியே போன பிறகு எது வேண்டுமானாலும் சொல்லலாம். அதுவரைக்கும் ‘பரவால்ல’தான். தறியோடு அது நிற்கவில்லை. முடிவு வராத பரீட்சை, பேசி முடியாத சம்பந்தம், வயிற்றில் இருக்கும் பிள்ளை எல்லாவற்றுக்கும் எங்களிடம் அந்த ஒரு சொல்தான்.

கல்லூரிக்கு வரும் கம்பெனியில் ஒரு வேலை அவளுக்கு மிகவும் தேவைப்பட்டது. படிப்பு முடிவதற்குள் வேலை கிடைத்தால் சென்னைக்கு அனுப்புவதாக அவள் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். இல்லையென்றால் ஆவணியில் நகரியிலிருக்கும் மாமன் மகனோடு கல்யாணம். “பாவா நல்லவருதான், ஆனா ரெண்டு வருசம் நான் சம்பாதிக்கணும்டி” என்பாள்.

நேர்முகத் தேர்வு அன்று அவளை முதலில் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. என் வாக்கியங்களில் நான்கைந்தை அழகாகப் பயன்படுத்தினேன். பயிற்சியை வொண்டர்ஃபுல் என்றேன், காரணம் சொன்னேன். எங்கள் ஊரை வொண்டர்ஃபுல் என்றேன், காரணம் சொன்னேன். எதிரில் இருந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகக் கேட்டார்: உங்கள் ப்ராஜெக்ட் தோழி எப்படி?

வெளியே பெஞ்சில் அவள் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். என் வாய் யோசிக்கவேயில்லை.

“நாட் பேட், சார்” என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “என்னப் பத்திக் கேட்டாங்களா? இன்னா சொன்ன?”

“பரவால்லன்னு சொன்னேன்.”

“ஆங், அது போதும்” என்று சிரித்தாள்.

பட்டியல் ஒட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் செய்திருக்கக்கூடியவை: திரும்பப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். பயிற்சி மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சர்க்யூட் முழுவதும் அவளுடையது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்பியிருக்கலாம். இதில் எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. நாங்கள் டீ குடித்தோம். பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் ஒருநாள் லீவு போட்டுப் போய், போட்டோவுக்கு நின்றுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வருடம்தான் அலுவலகத்தில் அந்த அதிகாரியோடு பேச வாய்த்தது. அவருக்கு எங்கள் இருவரையும் நினைவிருந்தது. “அந்தப் பெண்ணை எடுக்கலாம் என்றுதான் இருந்தோம். கூட வேலை செய்த நீங்களே அரைமனதாகச் சொன்னீர்கள்” என்றார். நான் தறி, உப்பு, ‘பரவால்ல’ எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னும் வேலை தேடுகிறாரா? ஒரு விண்ணப்பம் அனுப்பச் சொல்லுங்கள்” என்றார்.

அன்று சாயங்காலமே நகரிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லி, விண்ணப்பம் அனுப்பச் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“அது அப்பிடித்தான் வரும்டி. என்னக் கேட்டிருந்தாலும் உன்னப் பத்தி அதையேதான் சொல்லியிருப்பேன்” என்றாள்.

“உன்னைக் கேட்டாங்களா?”

“என்னக் கேக்கல” என்றாள். பிறகு, குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

விண்ணப்பம் வரவில்லை.