யூனிவர்சிட்டிதானே என்று கேட்டார்

1. காலண்டர்

அன்றைக்குப் பௌர்ணமி. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் லாக் பண்ணவும் அன்றைக்குத்தான் கடைசி நாள். ஐந்து மணிக்கு சைட் மூடிவிடும். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய காலேஜையும் பிராஞ்சையும் வரிசையாகப் போட்டு, போனுக்கு வரும் ஓடிபியை அடித்து லாக் செய்ய வேண்டும். பிறகு ரேங்க்படி கம்ப்யூட்டர் அந்த வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் இருபது வருடத்துக்கு மேலாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இந்த சீசனில் யார் உள்ளே வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். ரெக்சின் பையும் கத்தை விசிட்டிங் கார்டும் இருந்தால் தனியார் காலேஜுக்கு ஆள் பிடிக்கிறவர். மடித்த பேப்பரும் பேனாவும் இருந்தால், என்னிடம் லிஸ்ட் கேட்டு எழுதிக்கொண்டு வேறு சென்டரில் போய் அடிக்கிறவர். இருபது வருடத்தில் இந்தச் சந்தேகம் எனக்குப் பாதி நாள் சோறு போட்டிருக்கிறது, பாதி நாள் வம்பு இழுத்திருக்கிறது.

மூன்றே முக்காலுக்கு ஏழுமலை என்பவர் மகளோடு வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டையும் நெல்லும் பயிர் வைக்கிறவர். கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். அவர் கையில் மடித்த பேப்பரும் பேனாவும் இருந்தன. சரிதான், லிஸ்ட் திருடன் என்று மனதில் முடிவு கட்டிவிட்டேன்.

அவர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார். ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் கொடுத்த காலண்டர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். லாகின் ஓடிபி வந்ததும் போனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நானே அடிக்கிறேன் என்று கீபோர்டை இழுத்தார். நான் திருடியா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பேப்பரில் ஏழே சாய்ஸ் இருந்தது. ஏழும் யூனிவர்சிட்டி தானே நடத்துகிற சொந்த கேம்பஸ் காலேஜ்கள். மகள் நித்யாவின் ரேங்கைப் பார்த்தேன். நல்ல ரேங்க்தான். ஆனால் போன வருடக் கணக்குப்படி அந்த ஏழில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் பெண் அடுத்த ரவுண்டுக்குப் போக வேண்டும், அங்கே மிச்சம் மீதிதான் இருக்கும். அவளுக்கு வேண்டியது எலெக்ட்ரிகல். இந்த ரவுண்டிலேயே இரண்டு மூன்று அரசு காலேஜில் அது கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கீழே இன்னும் இருபது சாய்ஸ் சேர்க்கலாம் என்றேன்.

அவர் தலையாட்டினார், சம்மதத்துக்கு இல்லை.

“கீழ ஜாஸ்தி போட்டா கீழ இருக்கறதத் தூக்கிக் குடுத்துடுவாங்க. எனக்குத் தெரியும்மா.”

இந்த மாவட்டத்தில் பத்துக்கு ஆறு அப்பாக்கள் இதை நம்புகிறார்கள். சின்ன காலேஜ் பெயரைப் போட்டால், இவன் இதுக்கே ஒத்துக்கொள்வான் என்று மேலே உட்கார்ந்திருக்கிற யாரோ முடிவு செய்துவிடுவாராம். அப்படி யாரும் இல்லை, கம்ப்யூட்டர் முதலில் இருந்துதான் பார்க்கும் என்று விளக்கினேன். அவர் திரும்பவும் காலண்டரைப் பார்த்தார்.

2. பத்திரிகை

யூனிவர்சிட்டி மேல் நம் ஜனங்களுக்கு உள்ள மயக்கம் எனக்குக் கவுன்சலிங்கில் தெரிந்ததல்ல, கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணித் தெரிந்துகொண்டது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பி.இ. என்று போட்டால் போதாது. பக்கத்தில் யூனிவர்சிட்டி பெயர் வேண்டும், அதுவும் கொஞ்சம் பெரிய எழுத்தில். எந்தக் காலேஜில் படித்தாலும் பட்டம் கொடுப்பது அந்த ஒரே யூனிவர்சிட்டி என்பதால் யாரும் பொய் சொல்வதில்லை. நான் அடித்த பத்திரிகைகளை மட்டும் பார்த்தால் இந்த மாவட்டமே ஒரே கேட்டுக்குள் போய்ப் படித்துவிட்டு வந்ததாக நினைப்பீர்கள்.

காலேஜ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் யூனிவர்சிட்டி பெயரை முழ நீளத்துக்கு எழுதுவார்கள். ‘இணைவு பெற்றது’ என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். அரசாங்கத்தின் பெயர், பெரிய பெயர், ஏமாற்ற மாட்டார்கள் என்று ஜனம் ஏறி உட்கார்ந்துவிடும்.

அதனால் ஏழுமலை கேம்பஸ், கேம்பஸ் என்று நின்றபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மணி நாலேகால். கடையில் இருப்பது ஒரே சிஸ்டம், வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். பட்டென்று சொல்லிவிட்டேன்.

“நாளைக்குப் பத்திரிகையில போடத்தானேங்க இவ்ளோ கஷ்டப்படறீங்க? அதுக்காக இந்தப் பொண்ணு சீட்டே இல்லாம நிக்கணுமா?”

நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஏழுமலை கோபப்படவில்லை. அப்போதுதான் முதன்முறையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

3. ஆமாங்க

மூத்த மகள் சுகுணாவைப் பற்றிச் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் கவுன்சலிங். ஒரு காலேஜ் பெயர் வந்தது. போர்டிலும் பஸ்ஸிலும் யூனிவர்சிட்டி பெயர் இருந்ததால் நம்பிச் சேர்த்தார். முதல் வருடம் பாதிப் பாடத்துக்கு வாத்தியார் இல்லை. இரண்டாம் வருடம் அந்தப் பிராஞ்சையே மூடிவிட்டு, பிள்ளைகளை எங்கேயோ தூரத்தில் இருந்த காலேஜுக்கு மாற்றினார்கள். சுகுணாவுக்கு அரியர் மேல் அரியர். போதும்ப்பா என்று வந்துவிட்டாள். இப்போது செய்யாறு பக்கம் ஷூ கம்பெனி வேனில் விடியற்காலையில் ஏறிப் போகிறாள்.

“பத்திரிகைக்கு இல்லம்மா. காலேஜ் கேட்டு யூனிவர்சிட்டியோட சொந்த கேட்டா இருந்தா மூடமாட்டாங்க இல்ல? அதுக்குத்தான்.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சுகுணாவுக்கு எந்த சென்டரில் சாய்ஸ் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“இங்கதான். நீங்கதான் போட்டீங்க. நான் கேட்டேன், இது யூனிவர்சிட்டிதானேன்னு. ஆமாங்கன்னு சொன்னீங்க.”

எனக்கு அவர் முகம் நினைவில்லை. பெண்ணின் முகமும் நினைவில்லை. ஆனால் அந்த ஆமாங்க மட்டும் நன்றாகத் தெரிந்தது. சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வேன். யூனிவர்சிட்டிதானே? ஆமாங்க, எல்லாம் யூனிவர்சிட்டிதாங்க. பரீட்சை வைப்பது யூனிவர்சிட்டி, பட்டம் தருவது யூனிவர்சிட்டி, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கிச் சொன்னால் ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் ஆகும், க்யூ நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். காலண்டர் கொடுத்தவன் எனக்கு வேறு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? சுகுணாவின் விஷயத்தில் புரோக்கர் செய்கிற வேலையை நான் சும்மாவே செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மன்னிச்சுக்குங்க என்றேன். மணி நாலரை.

இனி நான் எது சொன்னாலும் அவர் நம்பக் கூடாது, அதுதான் நியாயம். அதனால் நாற்காலியை விட்டு எழுந்து நித்யாவை உட்கார வைத்தேன். சைட்டிலேயே தமிழில் விதிமுறை இருக்கிறது. சாய்ஸை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படித்து அப்பாவுக்குக் காட்டு என்று சொன்னேன். ஒவ்வொரு காலேஜுக்கும் அது யாருடையது என்று எழுதியிருக்கும் இடத்தையும் காட்டினேன். பிறகு வெளியே போய்க் காத்திருந்தவர்களோடு நின்றுகொண்டேன். என் கடையில் நானே வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே அவள் படிப்பதும், அவர் நிறுத்தச் சொல்லித் திரும்பப் படிக்கச் சொல்வதும் கேட்டது. மலைப் பக்கம் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. வரிசையில் ஒருத்தர், மேடம் டைம் ஆகுது என்றார். நான் மணியைப் பார்த்தேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு அவர் வெளியே வந்து, லாக் பண்ணிட்டோம் என்று மட்டும் சொன்னார். ஏழா, இருபத்தேழா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காத்திருந்த ஆறு பேருக்கும் எட்டு நிமிஷத்தில் லாக் பண்ணினேன். அவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்த லிஸ்ட் என்பதால் பிழைத்தேன்.

அன்று சாயங்காலமே காலண்டரைக் கழற்றினேன். ‘சாய்ஸ் போடுமுன் காலேஜ் யாருடையது என்று கேளுங்கள்’ என்று பேப்பரில் அடித்து அந்த ஆணியிலேயே மாட்டினேன். இப்போது ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகிறது, கூட்டம் கம்மியாகிவிட்டது. புதிதாக சென்டர் திறக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அவசரத்தில் ஆமாங்க சொல்லாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், கேட்டவர் மறக்க மாட்டார்.

அலாட்மென்ட் வந்த அன்று ஏழுமலை மறுபடியும் வந்தார். பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். இந்த முறை ஓடிபியை அவரே வாய்விட்டுச் சொன்னார். நித்யாவுக்குப் பதினோராவது சாய்ஸ் கிடைத்திருந்தது. அரசு காலேஜ், எலெக்ட்ரிகல். பேப்பரை வாங்கி, காலேஜ் பெயர் மேல் விரலை வைத்து, அதே கேள்வியைக் கேட்டார்.

“இது யூனிவர்சிட்டிதானே?”

“இல்லைங்க. யூனிவர்சிட்டி பரீட்சை வைக்கும், பட்டம் குடுக்கும், அவ்ளோதான். இது கவர்மென்ட் காலேஜ். நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், நேர்ல பார்த்ததில்ல. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பார்த்துடுங்க.”

அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சுகுணாவுக்குப் போட்ட அன்னிக்கும் இதத்தாம்மா நான் கேட்டேன்” என்றார்.